விடிகாலை நாலரை மணிச் சர்க்கரை

எங்கள் வீட்டு லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் இருக்கின்றன. வாங்கும்போதே இருந்த பழையது என் கணவருக்கு. அது திறப்பதற்குள் குக்கரில் மூன்று விசில் வந்துவிடும் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அதன் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தைப் போட்டேன். பதினாறு படிகளையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே போனேன். எதுவும் அழியவில்லை. பழையதை எடுத்துவிட அவர் சம்மதிக்கவில்லை. பிரிண்டரும் அதில்தான் வேலை செய்தது. ஆகவே இரண்டும் இருந்தன. லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். அவர் கீழ் அம்பை ஒரு முறை அழுத்தி என்டர் தட்ட வேண்டும். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்தேன்.

"தாதர் ஸ்டேஷன் பிளாட்ஃபாரம் மாதிரின்னா இருக்கு. ஸ்லோ டிரெயினா ஃபாஸ்ட்டான்னு பாத்து ஏறணும்," என்றார்.

"உங்களோடது ஸ்லோதான். உக்காந்துண்டே போலாம்."

அடுத்த நாள் அவருடைய சர்க்கரை வியாதிக்காகச் செம்பூரில் டாக்டரைப் பார்த்தோம். காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தினமும் சர்க்கரை பார்க்க வேண்டும், நூற்றெண்பதுக்குள் இருந்தால் மாத்திரையே போதும், இல்லாவிட்டால் இன்சுலின் ஊசி என்றார். வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். விரலில் குத்தும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் என் கணவர். செம்பூரிலிருந்து மாட்டுங்காவில் எங்கள் வீடு வரும்வரை டாக்ஸியில் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

நான் எட்டு மணிக்கு ஃபோர்ட்டில் உள்ள கப்பல் கம்பெனி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். அவர் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு, முன்கூட்டியே ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். அதனால் லினக்ஸிலிருந்தே அவருடைய பழைய சிஸ்டத்தில் ஒரு ஃபைல் போட்டுக் கொடுத்தேன். எஃப் ஃபைவ் பொத்தானை அழுத்தினால் அந்த நேரமும் தேதியும் தானாக விழும். பக்கத்தில் எண்ணைத் தட்டினால் போதும். நடுவில் எட்டிப் பார்த்தால் உளவு பார்க்கிறேன் என்று நினைப்பார் என்று நான் திறக்கவே இல்லை.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லினக்ஸில் என் டைரியை எழுதி முடித்தபின் அங்கிருந்தே அந்த ஃபைலைத் திறந்தேன். காலை 4:32, நூற்று அறுபத்தெட்டு. 4:40, நூற்று எழுபத்து நான்கு. 4:28, நூற்று ஐம்பத்தொன்பது. எல்லா நாளும் விடிகாலை நாலரையை ஒட்டியே.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு விடிகாலையில் நூற்று எழுபது வரலாமா? குறட்டைக்காக அவர் படுப்பது ஹாலில். சமையலறை நாலடி தள்ளி. ராத்திரி எதையோ தின்றுவிட்டு, பயத்தில் எழுந்து சர்க்கரை பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். அன்றைய டைரியில், "இரவில் சாப்பிடுகிறார். மறைக்கிறார்" என்று எழுதினேன். மிக்சர் மாதிரி அவருக்குப் பிடித்த ஃபர்சாண் இருந்த டப்பாவின் வெளியே ஒரு டேப் ஒட்டி, உள்ளே இருக்கும் அளவுக்குப் பென்சிலால் கோடு போட்டேன். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அளவு குறையவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார் என்று எண்ணினேனே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டுவிட்டேன்.

"ஏன்னா, ராத்திரி எழுந்துக்கறேளா?"

"பாத்ரூம் போவேன். அதையும் எழுதி வெக்கணுமா?"

"நாலரை மணிக்கு எதுக்கு சுகர் பாக்கறேள்?"

"யாரு, நானா? இட்லி சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னா பாக்கறேன். நீ சொன்ன மாதிரி."

"ஃபைல்ல இருக்கே. நீங்க தட்டினதுதானே?"

"அப்ப அதையே கேட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அன்று ஒரே ஒரு சப்பாத்தி சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை என் கையிலிருந்து காபியை வாங்கும்போது, "காட்டிடு டாக்டர்கிட்ட. ஊசின்னா ஊசி," என்றார்.

சனிக்கிழமை காலை கணக்கை பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. பிரிண்டருக்காக நானே கீழ் அம்பை அழுத்திப் பழைய சிஸ்டத்துக்குள் போனேன். லினக்ஸ் போட்ட பிறகு நான் அதற்குள் போனது அதுவே முதல் தடவை. எந்தக் கணக்கின் அடியிலும் "சரிபார்த்தது" என்று நேரத்தோடு எழுதுவது ஆபீஸ் வழக்கம். எஃப் ஃபைவ் அழுத்தினேன். காலை 4:37 என்று விழுந்தது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி ஏழு நிமிஷம். ஹாலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். 4:38. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸ், லேப்டாப்பின் உள்கடிகாரத்தை லண்டன் நேரத்தில் வைத்து, நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்கிறது. பழையது அதே கடிகாரத்தை அப்படியே இந்திய நேரமாகப் படிக்கிறது. என் பதினாறு படிகளில் இது இல்லை.

"இந்த மூலையில மணி தப்பா இருக்கே, நீங்க பாக்கவே இல்லையா?" என்று டிவி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ரெண்டு வாரமா பாக்கறேனே. உங்க ஆபீஸ்ல லண்டன்காராளோட வேலை. அதுக்காக வெச்சிருக்கேன்னு நெனச்சேன். உன் சாமான், நான் ஏன் கைவெக்கணும்?"

"எஃப் ஃபைவ் அழுத்தினா என்ன விழறதுன்னு பாக்கலையா?"

"என்னமோ விழும். நான் நம்பரைப் போடுவேன்."

அவர் என் கடிகாரத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பியிருக்கிறார். நான் அவரை இரண்டு நாள்கூட அப்படி நம்பவில்லை. "தப்பு என்னோடது," என்றேன். தலையை ஆட்டினார். டிவியை நிறுத்தவில்லை.

பிரிண்டில் ஒவ்வொரு வரியிலும் நேரத்தை அடித்து, பக்கத்தில் சரியானதைப் பேனாவால் எழுதி, என் இனிஷியலைப் போட்டேன். 10:02. 10:10. 9:58. எல்லாமே எட்டு மணி இட்லி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. டாக்டர் திருத்தங்களைப் பார்த்துச் சிரித்தார். காரணம் கேட்டார், சொன்னேன். மாத்திரையே போதும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். எப்போதாவது ஒரு கைப்பிடி ஃபர்சாண் சாப்பிட்டால் தப்பில்லை என்றும் சொன்னார். அதை என் கணவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் லினக்ஸில் ஒரு செட்டிங்கை மாற்றினேன். இப்போது இரண்டிலும் ஒரே மணி. செவ்வாய்க்கிழமை டைரி வரியை அடிக்கவில்லை. கீழே, "தவறு. கேட்டிருக்க வேண்டும்" என்று எழுதித் தேதி போட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"புதன்கிழமைலேர்ந்து பாக்கறேன் இந்தக் கோட்டை," என்றார். "இப்ப எவ்வளவு கீழே போகலாம்?"

டேப்பைப் பிய்த்து எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். ஒரு கைப்பிடிதான் எடுத்தார். அதில் பாதியை என் கையில் போட்டார்.