முப்பத்தொரு ஐஸ்கிறீம் பெட்டிகள்

எங்கள் குடியிருப்பில் நிலத்துக்குக் கீழே ஆளுக்கொரு சாமான் அறை இருந்தது. எல்லாரும் கெல்லர் என்போம். படி இறங்கினால் முதலில் ஈரச் சுவரின் மணம் வரும், பிறகு யாரோ காயப்போட்ட உடுப்பின் சவர்க்கார மணம். சுவரில் உள்ள ஆளியை அழுத்தினால் விளக்கு எரியும், நாலைந்து நிமிடத்தில் தானாகவே அணைந்துபோகும். எங்கள் மரக்கதவுக்குப் பின்னால் ஒரு பழைய சைக்கிளும் அரிசி மூட்டைகளும் இருந்தன. அவற்றை ஒட்டி ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு வெள்ளை ஃபிரீசர் இருந்தது. மூடியைத் தூக்கினால் குளிர்ப்புகை மெல்ல எழும்பும். கோயிலில் திரை விலகும்போது சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து அம்மன் தெரிவது போல, அந்தப் புகைக்குள்ளிருந்து ஐஸ்கிறீம் பெட்டிகள் தெரியும்.

ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருக்கும் என்று ஜெர்மனியில் வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் நம்பாது. வனிலா என்று எழுதியிருந்தால் பருப்பு. சொக்லேட் என்றால் கத்தரிக்காய்க் குழம்பு. அந்த வயதிலேயே உலகத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஹம் நகரத்தில் இருந்தோம். அப்பா ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார். அந்த வருடம் கோடையில் இருந்தே அம்மாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தரம் படியில் உட்காருவார். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்றார்கள். டிசம்பரின் முதல் கிழமையில் ஒப்பரேசனுக்கு டெர்மின், அதாவது நாள், கிடைத்தது.

அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. சமைப்பதைத்தான் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு அதில் இருந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, நாளுக்கு இரண்டு மூன்று கறி. பருப்பு, பூசணிக்காய், கடலை, உருளைக்கிழங்குப் பிரட்டல், சாம்பார். ஆறியதும் பெட்டியில் போட்டு, மூடியில் வெள்ளை ரேப் ஒட்டி, ஒன்று, இரண்டு என்று இலக்கம் எழுதுவார். அதை நான் கெல்லருக்குக் கொண்டுபோய் அடுக்குவேன். அப்பா ஒரு நாள் கதவு நிலையில் சாய்ந்து நின்று சொன்னார்.

“கொஞ்சம் படுத்து எழும்பும். நாங்கள் கடையில பாண் வாங்கிச் சாப்பிட மாட்டமே?”

“உங்களுக்குப் பாண் போதும். பிள்ளைக்குச் சோறு வேணும்.”

“டொக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னவர்.”

“கையைச் சும்மா வைச்சிருந்தா நெஞ்சு படபட எண்டுது. இது ஓய்வுதான்.”

அம்மாவின் கறி என்றால் மீன்தான். எங்கள் சொந்தக்காரர் ஸ்டுட்கார்ட்டில் இருந்துகூட அம்மாவின் மீன் குழம்புக்காக வருவார்கள். ஆனால் அந்தப் பெட்டிகள் ஒன்றிலும் மீன் இல்லை. கார்த்திகை மாதம் அல்லவா, பிள்ளையார் விரதம் வருகிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையார் விரதம் இருபத்தொரு நாள்தான். பெட்டி முப்பத்தொன்று. ஒன்பது வயதில் அது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

விரதம் தொடங்கிய அன்று அம்மா கடைசிப் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு என்னோடு கெல்லருக்கு வந்தார். அதற்குள் சர்க்கரைப் புக்கை, வெல்லம் போட்ட இனிப்புப் பொங்கல். மூடியில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கச் சொன்னார்.

“எப்ப அம்மா ஆசுப்பத்திரியால வருவீங்கள்?” என்று கேட்டேன்.

குளிர்ப்புகை அம்மாவின் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

“ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. வரிசையாச் சாப்பிட வேணும், என்ன? இதெல்லாம் முடியேக்க வீடு பழையபடி வந்திடும் பிள்ளை. பழையபடி மீன் சாப்பிடலாம், பழையபடி விளையாடலாம்.”

அப்போது விளக்கு அணைந்தது. இருட்டுக்குள் அம்மா என் தலையில் கை வைத்திருந்தது நினைவிருக்கிறது. விரல்கள் பனிக்கட்டி போல இருந்தன.

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் டிசம்பர் நாட்காட்டி ஒன்று தொங்கும். இருபத்துநாலு சின்னக் கதவுகள், நாளுக்கு ஒன்றாகத் திறந்தால் உள்ளே இனிப்பு. கடைசிக் கதவுக்குள் பெரிய இனிப்பு, அன்றைக்குக் கிறிஸ்மஸ் வந்துவிடும். அம்மாவும் எனக்கு அப்படி ஒன்று செய்து தந்திருக்கிறார். கடைசியில் புக்கை, அன்றைக்கு அம்மா.

அம்மா பெரிய நகரத்து ஆசுப்பத்திரிக்குப் போனார். ஸ்டுட்கார்ட்டில் இருந்து சின்னம்மா லீவு போட்டுக்கொண்டு ரயிலில் வந்து எங்களோடு நின்றார். தினமும் கீழே போய்ப் பெட்டி எடுத்து வருவது என் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகத்தான் போனது. அப்பா வேலை முடிந்து கோயிலுக்குப் போய் மண்டபத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவார். யாரும் கேட்காமலே துடைத்தார். தொழிற்சாலைகளுக்கு நடுவிலே நிற்கிற எங்கள் கோயிலின் நிலம் அந்த மாதம் மின்னியதைப் போல அதற்குப் பிறகு மின்னவில்லை என்று ஐயர் பின்னாளில் சொல்வார். சின்னம்மா ரெலிபோனில் பேசிக்கொண்டே இருந்தார். பேசாவிட்டால் அழுதுவிடுவார் என்பது எனக்குத் தெரியாது. பேச்சுப் பிரியம் என்று நினைத்தேன்.

ஆறாவது நாள் அப்பா வந்து ஒப்பரேசன் தள்ளிப்போட்டாச்சு என்றார். அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்றில் சீழ். அது ஆறாமல் நெஞ்சைத் தொடமாட்டார்களாம். அதோடு காய்ச்சலும் வந்ததால் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

“நெஞ்சுக்குள்ள போக பல்லு வழிவிடேல்லையாம்,” என்றார் அப்பா. சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் பனி கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே உலகம் சத்தமில்லாமல் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. எல்லாம் நின்றுபோய்விட்டதாக எனக்குத் தோன்றியது. பெட்டிகளை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அவை முடிந்தால் அம்மா வருவார், ஆகவே முடிக்க வேண்டும். முந்தின வருடம் நான் நாட்காட்டியின் கதவுகளை எல்லாம் ஒரே நாளில் திறந்து தின்றும் கிறிஸ்மஸ் முந்தி வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஆனால் அது கடையில் வாங்கினது. இது அம்மா சொன்னது.

நான் கொடுத்த முதல் பெட்டி மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஜெர்மன்காரப் பாட்டிக்குப் போனது. வனிலா என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, “இந்தக் குளிருக்குள்ளே ஐஸ்கிறீமா, குட்டி?” என்று கன்னத்தைக் கிள்ளினார். மறுநாள் படியில் என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இரவு முழுக்கத் தண்ணீர் குடித்ததாகவும் இருந்தாலும் பெட்டியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டதாகவும் சொன்னார். உடனே இன்னொன்று கொடுத்தேன்.

இன்னும் சிலதைப் புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கல்லுப் போல இருந்த கடலைக் கறி கணக்குப் பாடம் முடிவதற்குள் உருகிக் கொப்பிகளை நனைத்தது. சொக்லேட் என்ற எழுத்தை நம்பி வந்து சூழ்ந்த பிள்ளைகள் கத்தரிக்காயைக் கண்டு கலைந்தார்கள். ஆசிரியை மட்டும் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார், உறைப்பினால். மூலைக் காய்கறிக் கடைத் துருக்கிக்காரர் மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு கை நிறைய மண்டரின் தோடம்பழம் தந்தார். வெள்ளிக்கிழமை கோயில் மடைப்பள்ளி மேசையில் ஐந்து பெட்டிகளை வைத்துவிட்டு ஓடிவந்தேன். யாரோ உபயம் என்று நினைத்து அன்னதானத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு பெட்டி கைமாறும்போதும், “பிள்ளையாரப்பா, இன்னொண்டு குறைஞ்சிட்டுது” என்று மனதுக்குள் சொல்வேன். அவர் கணக்கில் பிந்திவிடக் கூடாதே.

ஒப்பரேசன் மறுநாள் காலை என்று முடிவான அன்று, மத்தியானம், சின்னம்மா அரிசி எடுக்கக் கெல்லருக்குப் போனார். நான் பின்னால் ஓடுவதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்.

“ஐயோ அத்தான், இஞ்ச ஓடி வாங்கோ! இவள் செய்து வைச்சிருக்கிற வேலையைப் பாருங்கோ!”

அப்பா செருப்பும் போடாமல் இறங்கி வந்தார். ஃபிரீசரின் அடியில் ஒரே ஒரு பெட்டி கிடந்தது.

“எங்க பிள்ளை மற்றதெல்லாம்?”

“குடுத்திட்டன்.”

“ஆருக்கு?”

“எல்லாருக்கும்.”

“அக்கா மூச்சு முட்ட முட்ட நிண்டு சமைச்சவள்!” என்று சின்னம்மா கையை ஓங்கினார். “இவ்வளவு சாப்பாட்டையும் கொண்டுபோய்க் குடுக்க உனக்கு என்ன விசரோ?”

“முடிஞ்சாத்தான் வீடு பழையபடி வருமெண்டு அம்மா சொன்னவா,” என்று நான் அழத் தொடங்கினேன். “முப்பத்தொண்டும் முடிய வேணும்.”

“முப்பத்தொண்டோ?” என்றார் அப்பா.

“ஓம். ஒண்டிலயும் மீன் இல்லை.”

சின்னம்மாவின் கை இறங்கியது. அவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கு அணைந்தது. ஒருவரும் போய் ஆளியை அழுத்தவில்லை. இருட்டுக்குள் ஃபிரீசரின் இரைச்சல் மட்டும் கேட்டது. இனி அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அப்பாவின் கை தடவித் தடவி வந்து என் தலையில் நின்றது.

“நல்ல வேலை செய்தாய் பிள்ளை,” என்றார். “அந்தக் கடைசியையும் எடு. இண்டைக்கே முடிப்பம்.”

புக்கையைச் சூடாக்கி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மூன்று பேரும் சாப்பிட்டோம். இனிப்புப் பிடிக்காத அப்பா பெட்டியின் மூலைகளை விரலால் வழித்துச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் இருக்கக் கூடாது என்பது போலச் சாப்பிட்டார். சின்னம்மா சாப்பிட்டுக்கொண்டே அழுதார். உருக்கமான குடும்பம் எங்களுடையது என்று நினைத்தேன்.

மறுநாளை நான் கனவு போலத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். நானும் சின்னம்மாவும் கோயிலில் இருந்தோம். அப்பா துடைத்த நிலத்தில் விளக்குகள் தலைகீழாக எரிந்தன. சின்னம்மாவின் தேவாரம் பாதியில் நிற்பதும் திரும்பத் தொடங்குவதுமாக இருந்தது. வெளியே பனி. எப்போது போன் வந்தது, யார் என்னைத் தூக்கினார்கள் என்று தெரியாது. சின்னம்மா நிலத்தில் விழுந்து கும்பிட்டதும் அவருடைய பின்னலில் விபூதி ஒட்டியிருந்ததும் தெரியும்.

சில நாள் கழித்து என்னைக் கூட்டிப்போனார்கள். அம்மா சின்னவராகிவிட்டிருந்தார். நெஞ்சோடு ஒரு குட்டித் தலையணையை அணைத்துக்கொண்டிருந்தார். இருமினாலும் சிரித்தாலும் அதை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். புது வால்வு டிக், டிக் என்றது. அறை அமைதியானால் எனக்கும் கேட்டது.

“பெட்டி எத்தினை மிச்சம் இருக்கு?” என்று அம்மா கேட்டார்.

“ஒண்டும் இல்லை,” என்றார் அப்பா. “உம்மட மகள் ஊருக்கெல்லாம் குடுத்து முடிச்சுப்போட்டாள். புக்கையையும் நாங்கள் ஒப்பரேசனுக்கு முதல் நாளே சாப்பிட்டிட்டம்.”

“ஒப்பரேசனுக்கு முதலேயோ?” அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப உங்களுக்கு விளங்கிட்டுது.”

“எனக்கு முப்பத்தொண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதோ?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை இறுக்கிக்கொண்டு, “சிரிக்கப் பண்ணாதேங்கோ, தையல் இழுக்குது” என்றார். கண்ணால் நீர் ஓடியது. பிறகு, “விரதமும் முடிஞ்சுது. போகேக்க மீன் வாங்கிக்கொண்டு போங்கோ” என்றார்.

வீடு பழையபடி வந்தது. மூன்றாம் மாடிப் பாட்டி பெட்டிகளைக் கழுவி, கிறிஸ்மஸ் பிஸ்கற் நிரப்பித் திருப்பித் தந்தார். அம்மா வருவதை நான்தான் முந்த வைத்தேன் என்று வெகுகாலம் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். பெரியவர்கள் ஒருவரும் மறுக்கவில்லை.

கலியாணம் முடித்து மூன்றாம் வருடம் என் மாமனார் காலமானார். செத்தவீடு முடிந்து வந்த அன்று மாமி சொன்னார்: “பிள்ளை, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் இந்த வீட்டில மச்சம் மாமிசம் புழங்கேலாது. ஃபிரீசரில இருக்கிற மீனை ஆருக்கும் குடுத்துவிடும். முப்பத்தொரு நாளைக்கும் மரக்கறிதான்.”

நான் கீழே போய் மூடியைத் தூக்கினேன். குளிர்ப்புகை எழுந்தது. மீன் பொதி கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மாவும் அன்று எங்கள் வீட்டில்தான் நின்றார், உதவிக்கு. சமையலறை மேசையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அண்டைக்கு நீங்கள் வருவன் எண்டு சொல்லேல்லை, என்ன?”

எந்த அன்றைக்கு என்று அம்மா கேட்கவில்லை. கத்தி நின்றது. அந்த அமைதிக்குள் டிக், டிக் என்று கேட்டது.

“விரத நாளில பொய் சொல்லக் கூடாதே, பிள்ளை,” என்றார்.