லேயிலிருந்து ஸ்ரீநகர் ஐம்பது நிமிடம்

டெல்லி ஆர்.கே.புரம் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. லடாக்கில் எங்கள் லே கிளையில் ஒப்பந்த ஊழியராக இருந்த மதுரைக்காரர் முருகேசன், ஸ்ரீநகரில் நர்ஸாக இருந்த மனைவியின் பிரசவத்துக்குப் போக ஆறு நாள் கேட்டிருந்தார். போக வரவே நான்கு நாள் ஆகுமாம். கைபேசியில் தேடினேன். விமானத்தில் ஐம்பது நிமிடம்தான். யாரை ஏமாற்றப் பார்க்கிறார் என்ற எரிச்சலோடு, "இரண்டு நாள் போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் ஒரு வேலையாக டெல்லிக்கு வந்தவர், ஸ்வீட் டப்பாவை நீட்டினார். பெண் குழந்தை.

"அச்சா, பிரசவத்துக்குப் போய்ச் சேந்துட்டீங்கல்லா?" என்றேன்.

"இல்ல சார். நீங்க குடுத்த ரெண்டு நாளும் மேகமூட்டத்துல ஃபிளைட் கேன்சல். ரோடும் பனியில மூடிக் கெடந்துச்சு. ஏர்போர்ட்ல இருந்து அப்படியே டூட்டிக்குப் போயிட்டேன். பாப்பாவ போன வாரந்தான் பாத்தேன்."

குரலில் துளிக் கோபம் இல்லை. என் மேசையில், பொங்கலுக்குத் திருநெல்வேலி போக நான் எழுதிய விண்ணப்பம் கிடந்தது. டெல்லிப் பனிமூட்டத்தில் ரயில் தாமதமாகும் என்று இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டிருந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் கண்ணில் படுவதற்குள், அந்தத் தாளின்மேல் ஸ்வீட் டப்பாவை வைத்து மறைத்தேன்.