பலாமரம் வரை பெருக்கிய பாதை

காலை ஆறே முக்காலுக்குச் செய்தி வந்தது. தலச்சேரி பஸ் நிற்கும் முக்கில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் ரிஜில். சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பவித்ரன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ரிஜிலே, உங்க அச்சம்மா... முந்திரித் தோட்டத்துப் பாதையில வெடிச்சிருச்சுடா."

வெடிச்சத்தம் கடைக்கும் கேட்டிருந்தது. கல்குவாரி என்று நினைத்து யாரும் தலையைத் திருப்பவில்லை.

ரிஜில் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவன் அப்பாவைப் பெற்ற சிருதேயி பலாமரத்தடியில் குப்புறக் கிடந்தாள். இடது கை மணிக்கட்டுக்கு மேல் இல்லை. யாரோ போர்த்திய வேட்டி நனைந்துகொண்டே வந்தது. விளக்குமாற்றின் ஈர்க்குகள் மரப்பட்டையில் குத்தி நின்றன. பக்கத்தில் அவளுடைய வாளி, அடியில் ஓட்டையோடு.

அவள் கணவன் கோவிந்தனை எதிர்க்கட்சிக்காரர்கள் இதே பாதையில்தான் பட்டப்பகலில் வெட்டிப் போட்டார்கள். பதினேழு வெட்டு. பழி வாங்குவதாகச் சொல்லி வந்த அவன் கட்சிக்காரர்களிடம், "கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க. எங்க வீட்டுப் பேரைச் சொல்லி எவன் கழுத்தையும் தொடாதீங்க" என்றாள். அவர்கள் கேட்கவில்லை. பழிக்கு அவர்களால் கொல்லப்பட்டவன் வீட்டுக்கும் போய்த் துக்கத்துக்கு உட்கார்ந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில், வேலிக்கு அந்தப்புறத்து எதிர்க்கட்சி வீட்டுப் பையன் வினோதன், சருகுக்கடியில் கிடந்த நாட்டு வெடிகுண்டு உருண்டையைப் பந்தென்று எடுத்தான். மூன்று விரல் போயிற்று. அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம், விடிந்ததும் அவள் விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீருமாகக் கிளம்பிவிடுவாள். எது கிடைத்தாலும் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுப் போலீசுக்கு ஆள் அனுப்புவாள். அப்புறம்தான் இரண்டு கட்சி வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும்.

"அச்சம்மா, குண்டு பொறுக்குற உத்தியோகத்துக்குப் பென்ஷன் உண்டா?" என்று ரிஜில் கேலி செய்வான்.

"நீ கட்சி ஆபீஸ்ல மீசை முறுக்குறதை விடு மோனே, அதுவே எனக்குப் பென்ஷன்."

இப்போது ரிஜிலின் கட்சி ஆபீசிலிருந்து உள்ளூர்த் தலைவர் திவாகரன் ஆட்களோடு வந்துவிட்டார். "வினோதன் கும்பல்தான்! கிழவியைக்கூட விடலை. பொழுது சாயறதுக்குள்ள அவனைச் சாய்க்கணும்."

வேலிக்கு அந்தப்புறம் வினோதன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வாங்க. உங்களைக் கொல்லத்தான் பேசுறாங்க."

"பேசட்டும். அந்த அம்மா மடியில கிடந்து வளந்தவன்டீ நான். தூக்க ஆள் வேணாமா?"

ரிஜில் பாதையோரத்து மதிலைப் பார்த்தான். இரண்டு நாளைக்கு முன், திவாகரன் சொல்லி, அந்தச் செம்புறாங்கல் மதிலின் பொந்தில் இரண்டு உருண்டைகளை வைத்தவன் அவன்தான். ராத்திரி மழையில் மதிலின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒன்று உருண்டு சருகுக்குள் போயிருக்கிறது.

திவாகரன் அவன் தோளை அழுத்தினார். "வாயைத் திறந்தா நீ உள்ள போயிருவ. மொத வெட்டு உன்னோடது, சரியா?"

ரிஜில் தோளை உதறினான். "அம்மா, வேற வாளி கொண்டா. தண்ணியோட."

அஜிதா மகன் முகத்தைப் பார்த்தாள். அடுக்களை வாளியைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைத்தாள். அவன் பொந்துக்குள் கையை விட்டான். கூட்டம் பின்னால் நகர்ந்தது. வெளியே எடுத்த உருண்டையை, அச்சம்மா செய்வதுபோலவே, மெதுவாக அமிழ்த்தினான்.

"இது நான் வெச்சது. அச்சம்மாவைக் கொன்னதும் நான் வெச்சதுதான். வினோதேட்டன் மேல எவனும் கை வைக்காதீங்க."

அஜிதா அவனை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அதற்குள் பின்னாலிருந்து விழுந்த கழி அவன் காதைக் கிழித்தது. கீழே விழுந்தவனைத் திவாகரனின் ஆட்கள் மிதித்தார்கள். அறைந்த அஜிதாவே அவன்மேல் குறுக்கே விழுந்தாள். அவள் முதுகில் விழவிருந்த அடியை, வேலியைத் தாண்டிவந்த வினோதன் அந்த இரண்டு விரல் கையால் வாங்கினான். ஜீப் வரும்வரை அடி நிற்கவில்லை.

போலீஸ் ரிஜிலைக் கொண்டுபோயிற்று. பாடையின் முன்பக்கத்தை வினோதன் தூக்கினான். திங்கட்கிழமை பிள்ளைகள் சுற்றுவழியாகப் பள்ளிக்கூடம் போனார்கள். முன்னால் வாளியோடு அஜிதா.

பழைய பாதையைப் போலீஸ் கயிறு கட்டி அடைத்திருக்கிறது. பலாமரத்திலிருந்து பள்ளிக்கூடப் படி வரை, அன்று சிருதேயி பெருக்காமல் விட்ட சருகு அப்படியே கிடக்கிறது.