குப்பை மட்டும் பத்திரமாக இருந்தது

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். என் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தந்தவன் கணவரின் தம்பி சுதன். "அண்ணி, ஒவ்வொரு நாளும் ஒண்டும் விடாமல் தானாப் பேக்கப் எடுக்கிற மாதிரி வச்சிருக்கிறன்" என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் தந்திருந்தான். நானும் நம்பினேன்.

போன மாதம் கணினி திடீரென்று செத்துப்போனது. ஒரு குடும்பத்தின் விசாவுக்காக மொழிபெயர்த்த சத்தியக்கடதாசிகளை, அதாவது உறுதிமொழிப் பத்திரங்களை, மறுநாள் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கணினியில் டிஸ்க்கைத் திறந்தேன். லினக்ஸின் சொந்தக் கோப்புகள், இணையத்தில் பார்த்த பக்கங்களின் மிச்சம், நான் எப்போதோ அழித்துவிட்ட மங்கலான படங்கள் எல்லாம் இருந்தன. இவற்றாலேயே டிஸ்க் நிரம்பி, என் ஆவணங்களுக்கு இடமில்லாமல் போயிருந்தது. உடனே சுதனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சிஸ்டம் முழுக்க இருக்குத்தானே அண்ணி?" என்றான் சுதன்.

"அதைத் திரும்பச் சும்மா இன்டர்நெட்டில இருந்து இறக்கலாம். நான் எழுதினதை ஆர் தருவினம்?"



அந்தக் குடும்பத்திடம் இன்னும் சில நாள் தவணை கேட்டு, வெறுப்போடு எல்லாவற்றையும் மறுபடி மொழிபெயர்த்தேன். அவர்கள் பொறுத்துக்கொண்டது என் அதிர்ஷ்டம்.

இப்போது எதைப் பேக்கப் எடுப்பதென்று நானே தீர்மானிக்கிறேன். நான் எழுதியவையும் எங்கள் படங்களும் மட்டும் டிஸ்க்குக்குப் போகின்றன. அதிலிருந்தே ஒரு கோப்பைத் திறந்து வாசித்துப் பார்க்காமல் டிஸ்க்கைக் கழற்றுவதில்லை.