அத்திபெலே ஆப்பிள் தோட்டத்தில் நான் போட்ட நூற்றறுபது முடிச்சுகள்

மார்ச் மாதம் இந்தத் தோட்டத்தைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தேன். வழி கேட்டு நிறையப் பேர் எழுதினீர்கள். ஆகஸ்ட் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். மணி, செலவு, தூரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு திருத்தம். ஆப்பிள் செடியை நைலான் கயிற்றால் பூக்கட்டு முடிச்சுப் போட்டுக் கம்பியோடு கட்டினால் எந்தக் காற்றுக்கும் அசையாது என்று அப்போது எழுதியிருந்தேன். அதைப் படித்து யாராவது அப்படிக் கட்டியிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் போய் அறுத்துவிடுங்கள்.

தோட்டம் என் பேத்தி நித்யாவுடையது. வாரத்தில் ஐந்து நாள் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு தோட்டம். அவள் மாமனாரின் பழைய திராட்சைத் தோட்டம் முக்கால் ஏக்கர் சும்மா கிடந்தது. அதில் ஜனவரியில் தொள்ளாயிரத்து அறுபது ஆப்பிள் கன்று வைத்திருக்கிறாள். பெங்களூரில் ஆப்பிளா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குளிர் அதிகம் வேண்டாத ரகம் இருக்கிறது என்று தேடிப் பிடித்தது அவள்தான். பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, பேத்தி என்பதற்காகவும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை போன் செய்தாள். ஆடிக் காற்றில் பதினோரு மரம் ஒடிந்துவிட்டது, மனசே சரியில்லை, நீ வா ஆயா என்றாள். அதனால்தான் கிளம்பினேன்.

என் வீடு ஹலசூரில். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏழு மணிக்குத்தான் தொடங்கும், அதைத் தெரியாமல் ஆறரைக்கே போய் நிற்காதீர்கள், நான் நின்றேன். 7.20க்கு ரயில் ஏறினேன். மெஜஸ்டிக்கில் இறங்கிப் பச்சை லைனுக்கு மாறவேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் படிக்கட்டுப் பக்கம் போகாமல் லிஃப்ட் எங்கே என்று காவலாளியைக் கேளுங்கள், காட்டுவார். ஆர்.வி. ரோட்டில் மறுபடி மாறி மஞ்சள் லைன். அங்கே பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். பொம்மசந்திராவில் இறங்கும்போது மணி 8.55. மொத்தம் ஒரே டிக்கெட், தொண்ணூறு ரூபாய். முன்பெல்லாம் பஸ்ஸில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டுவதற்கே இந்த நேரம் ஆகும்.

பொம்மசந்திராவிலிருந்து அத்திபெலே சுமார் பத்து கிலோமீட்டர். கீழே இறங்கி நின்றால் அத்திபெலே போர்டு போட்ட பஸ் வரும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் ஆதார் கார்டு கையில் இருக்கவேண்டும். 9.40க்கு அத்திபெலே. அங்கிருந்து சர்ஜாபுரம் ரோட்டில் ஆறு கிலோமீட்டர், ஆட்டோதான். இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார். டிரைவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தது. ஆப்பிள் தோட்டம் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"அந்த பாட்டில் தோட்டமா? ரோட்லேர்ந்தே தெரியும்மா. ஆப்பிள் எங்க காய்ச்சுது, பாட்டில்தான் காய்ச்சிருக்கு."

அவர் சொன்னது சரிதான். கிளை நேராக மேலே போனால் இலைதான் வரும், படுக்கையாக வளைந்தால்தான் பூ வரும். அதற்காகப் பழைய தண்ணீர் பாட்டிலில் மண்ணை நிரப்பிக் கிளைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் முழுக்கப் பாட்டில்.

முதன்முறை போகிறவர்களுக்காகத் தோட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், நித்யா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். இது சாதாரண ஆப்பிள் மரம் இல்லை. கீழே குட்டையாக வளரும் ஒரு செடியின் வேர், மேலே நல்ல பழம் தரும் மரத்தின் தண்டு, இரண்டையும் ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒட்டு இருக்கும் இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தெரியவேண்டும். அது மண்ணுக்குள் போனால் மேல் தண்டே வேர் விட்டு, மரம் பெரிதாகிவிடும். மரத்துக்கு மரம் மூன்றடி, வரிசைக்கு வரிசை பதினோரு அடி. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எண்பது மரம். இப்படி நெருக்கி வைத்தால் சீக்கிரம் காய்க்கும், நிறையக் காய்க்கும். ஆனால் அந்தக் குட்டை வேருக்கு மரத்தைத் தாங்கும் பலம் கிடையாது. காய் பிடித்தால் பாரம் தாங்காமல் அப்படியே சாய்ந்துவிடும்.

அதனால்தான் கம்பி. திராட்சைப் பந்தலுக்கு நட்ட கல்தூண்கள் அங்கேயே இருந்தன. அவற்றின் உயரம் போதாமல் மேலே இரும்புக் குழாய் சேர்த்து, முப்பதடிக்கு ஒரு தூணாக நிறுத்தி, நான்கு கம்பி இழுத்திருக்கிறார்கள். வரிசையின் இரண்டு கோடியிலும் உள்ள தூண் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும், அதிலிருந்து ஒரு கம்பி தரைக்குள் புதைத்த கல்லுக்குப் போகும். இல்லாவிட்டால் மொத்த வரிசையின் பாரமும் தூணை உள்ளே இழுத்துவிடும். நடுத்தண்டு ஒவ்வொரு கம்பியையும் எட்டும்போது அதை அங்கே கட்டவேண்டும். எல்லாம் அந்தக் கட்டில்தான் இருக்கிறது.

மார்ச்சில் நான் போனது ஒரு புதன்கிழமை. நித்யா ஆபீசில் இருந்தாள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜு மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், அந்த ஊர்க்காரர், அந்தத் திராட்சைத் தோட்டத்திலும் வேலை பார்த்தவர். மெத்தென்ற ரப்பர் ட்யூபை வெட்டி, கம்பிக்கு ஒரு சுற்று, மரத்துக்கு ஒரு சுற்று, எட்டு எழுதின மாதிரி தளர்வாகப் போடுவார். ஒன்றுக்கு ஐந்து நிமிடம். நான் ஹலசூர் மார்க்கெட் பக்கம் நாற்பது வருடம் பூ கட்டி விற்றவள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நீங்க கட்டி முடிக்கறதுக்குள்ள ஆப்பிளே பழுத்துடும் போல" என்றேன்.

சிரித்தார். லூசாகத்தான் கட்டவேண்டும் அம்மா என்று சொன்னார். நான் கேட்கவில்லை. ட்யூப் வழுக்கியது. ஷெட்டில் சொட்டு நீர்க் குழாய் கட்டும் நைலான் கயிறு ஒரு கண்டு இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். பூக்கட்டில் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், அதனால்தான் சரம் உதிராது. மதியச் சாப்பாட்டுக்குள் முதல் இரண்டு வரிசை, நூற்றறுபது மரம் கட்டி முடித்தேன். அவர் முப்பது கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கெல்லாம் எழுதினேன். நித்யாவிடம் சொல்லத் தோன்றவில்லை. நான் எழுதுவதைப் படிக்க அவளுக்கு நேரம் கிடையாது.

இந்த முறை நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. நித்யா ஷெட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒடிந்தது பதினொன்றும் முதல் இரண்டு வரிசையில்தான் என்றாள். ட்யூப் போட்டுக் கட்டச் சொன்னால் சோம்பேறித்தனமாக ஷெட் கயிற்றை எடுத்து இறுக்கிவிட்டாராம் முனிராஜு. ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள் என்று நேற்று மாலையே சொல்லிவிட்டாளாம். அவரும் சரி என்றுவிட்டாராம்.

நான் வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். மார்ச்சில் என் கட்டைவிரல் தடிமன் இருந்த தண்டு இப்போது இரண்டு விரல் ஆகியிருந்தது. கயிறு மட்டும் அதே அளவில் இருந்தது. பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே தண்டு புடைத்து, இலை பழுத்து, ஒடிந்த மரமெல்லாம் சரியாக அந்த முடிச்சு இருக்கும் இடத்தில் ஒடிந்திருந்தது. முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை.

திரும்பி வந்து இட்லி சாப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. பேத்தி ஆயாவைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகப் பேசுகிறவள். அவர்தான் வேலையை விட்டு நிற்கச் சம்மதித்துவிட்டாரே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுகூட நினைத்தேன்.

பதினொன்றரைக்கு மறுபடி வரிசைப் பக்கம் போனேன். முனிராஜு கடைசி நாள் என்று சும்மா இல்லாமல், ஒவ்வொரு மரமாகக் கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் காலடியில் கிடந்த கத்தியைக் காட்டிக் கையை நீட்டினார்.

"அந்தச் சின்னக் கத்தியக் குடுங்கம்மா. இது அவுக்க வராது, அறுக்கத்தான் வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். யார் கட்டியது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கத்தியைக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் நித்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இந்த ரெண்டு வரிசையும் நான் கட்டினது" என்றேன்.

"ஆயா, அவரைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்லாத."

"என் முடிச்சு எனக்குத் தெரியாதா? குடு கயித்த."

அவள் முன்னாலேயே கம்பியில் ஒன்று போட்டுக் காட்டினேன். அவள் அதையும் மரத்தில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுத்தவள், தெரியாமல் இருக்குமா. முனிராஜுவைத்தான் கேட்டாள்.

"ஏண்ணா சொல்லல?"

"ரெண்டு நாள் கழிச்சு அவுக்கலாம்னு வந்தேன்மா, முடிச்சு அவுக்க வரல. அப்பவே அறுத்துட்டு வேற கட்டியிருக்கணும். பெரியவங்க கட்டினதுன்னு விட்டுட்டேன். அது என் தப்புதானே."

நித்யா மன்னிப்புக் கேட்டாள், நாளையிலிருந்து வழக்கம்போல் வாருங்கள் என்றாள். அவர் தலையாட்டவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்ன அன்று மாலையே பக்கத்தில் ரோஜா வளர்க்கும் ஷெட்டின் முதலாளியிடம் வேலை கேட்டுப் பேசிவிட்டாராம்.

"அந்த ரோஜா முதலாளிகிட்ட வேணாம்னு சொல்லிடுங்கண்ணா."

"நீ வேணாம்னதும் அவர் என்ன வேலைக்குச் சேத்துக்கிட்டாரு. இப்ப அவர வேணாங்கறதா?"

பிறகு முனிராஜுவே சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அங்கே லீவு, அன்றைக்கு வருகிறேன் என்று. அத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டார். இனி இந்தத் தோட்டத்தில் யார் கட்டினாலும் அவர் கை வைத்துப் பார்த்த பிறகுதான்.

மதியம் முழுக்க மூன்று பேரும் அறுத்து அறுத்துத் திரும்பக் கட்டினோம். கட்டினதற்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழையவேண்டும், அதுதான் அளவு. நான் கட்டிய முதல் மரத்தில் அவர் விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. உடனே அறுத்தார். இரண்டாவதையும் அறுத்தார். கை பழக்கத்தில் தானாக இழுக்கிறது, நான் என்ன செய்வேன். ஏழாவது மரத்தில்தான் விரல் நுழைந்தது. வீணாகப் போன ஆறு துண்டு ட்யூபையும் பொறுக்கி நானே பையில் போட்டேன்.

ஒடிந்த பதினோரு மரத்தையும் முடிச்சுக்குக் கீழே நல்ல மொட்டு இருக்கும் இடத்தில் வெட்டிவிட்டார். அந்த மொட்டு துளிர்த்துப் புது நடுத்தண்டாக ஏறவேண்டும், ஒரு வருடம் பின்தங்கிவிடும். மற்றவற்றில் பட்டை முழுச் சுற்றும் அறுபடாதது பிழைத்துக்கொள்ளும் என்றார். எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். தை மாதம் சொல்கிறேன் என்றார்.

நாலரைக்கு அங்கிருந்து கிளம்பினேன். வந்த ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன், போன் செய்தால்தான் வருவார்கள், ரோட்டில் காலி ஆட்டோ கிடைக்காது. வீட்டுக்கு வந்தபோது ஏழரை. ஒரு ஆளுக்குப் போக வர நானூற்று எண்பது ரூபாய், சாப்பாடு தனி.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆப்பிள் பறிக்கலாம் என்று குழந்தைகளிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் வருடம் வந்த பூவை எல்லாம் கிள்ளிவிட்டார்கள், அடுத்த வருடம்தான் ஏதோ கொஞ்சம் காய்க்கும். சொட்டு நீர் விட்ட மண் வழுக்கும், பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அத்திபெலே பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் கழிப்பறை கிடையாது. நீங்களே இப்படித் தோட்டம் போடுவதானால், மரம் வைப்பதற்கு முன்னால் தூணும் கம்பியும் நின்றிருக்க வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கட்டினதோடு விட்டுவிடாமல் மாதம் ஒருமுறை எல்லாக் கட்டிலும் விரலை விட்டுப் பாருங்கள்.

போனால் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். மற்ற நாளில் கேட் திறந்திருந்தாலும் மரத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியிலிருந்து முனிராஜு இருப்பார். எது கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார். முதல் இரண்டு வரிசையில் மட்டும் மரம் ஏன் குட்டையாக இருக்கிறது என்று அவரைக் கேட்காதீர்கள். கேட்டால் இன்னமும் தன் தப்பு என்றுதான் சொல்வார்.