சவரிமுத்து பாஸ் கட்டிவைத்த கதிரை

தச்சர் சவரிமுத்து – கைவினைஞரை அழைக்கும் வழக்கப்படி நமக்கெல்லாம் சவரிமுத்து பாஸ் – பன்விலவில் காலமானார் என்ற செய்தி சென்ற ஞாயிறு காலை நமது சங்கத்துக்கு எட்டியது. அன்றே நிர்வாகசபை அவசரமாகக் கூடி, ஒன்றரை மணி நேர ஆலோசனைக்குப் பின், அனுதாபத் தீர்மானத்தை உட்கார்ந்தபடி அல்ல, நின்றபடியே நிறைவேற்றுவது என்று ஏகமனதாக முடிவு செய்தது. கண்டித் தமிழரின் பொதுவாழ்வில் இதற்கு ஈடான துணிச்சலை நான் கண்டதில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒன்று. சரிவான இரண்டு மரங்கள் சேரும் மூட்டில், பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்பு நிற்காது. இறுக்க இறுக்க வழுக்கும். அவர் அந்தச் சரிவுக்கு எதிர்ச்சரிவாக ஆப்புத்துண்டு சீவி, நடுவே கடதாசி வைத்து ஒட்டி, அதன்மேல் இறுக்குவார். பசை காய்ந்ததும் ஒரு தட்டு. கடதாசி கிழிந்து துண்டு கழன்றுவிடும். கிளாம்பே எட்டாத வளைவுக்குக் கயிறு சுற்றி, குச்சி செருகி முறுக்குவார். "பலமா இறுக்குறது பெருசில்லங்க. எந்தப் பக்கமா இறுக்குறோங்கிறதுதான்" என்பார். சங்கத்தில் பதவி வகித்தவர்கள் இதைத் தச்சு வேலை பழகாமலே அறிந்திருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் துரை ஒருவர் நமது ஆண்டுவிழாவுக்கு வர இசைந்தார். அவர் அமர்வதற்கு, வளைந்த கைகள் வைத்த கதிரை ஒன்றைச் செய்யும் பொறுப்பு பாஸிடம் வந்தது. அது நன்றாக அமைந்தால் மாதா கோயில் பீட வேலையும் அவருக்கே என்று சுவாமியார் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவர் கண்டிக் கடைவீதியில் பட்டறை எடுத்திருந்தார். நாங்கள் மரத்தைத் தாமதித்துக் கொடுத்ததால், விழாவுக்கு முதல்நாள் காலையில்தான் பசை பூச முடிந்தது. மதியம் காரியதரிசி, சங்க அறிக்கைகளை எழுதும் என்னையும் கூட்டிக்கொண்டு பார்வையிட வந்தார்.

"இதென்ன பாஸ், கள்ளனைக் கட்டின மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறீர்? அவிழ்த்து மண்டபத்துக்கு அனுப்பும்."

"கள்ளன்னா, கெஞ்சினா அவுத்து விட்டுரலாங்க. இந்த ஈரத்துல இது ரெண்டு நாளு கட்டோட இருக்கணும். நாளைக்கு வேற கதிரை போடுங்க."

"துரை வாறாரெண்டு தெரியாதோ?"

"எனக்குத் தெரியுங்க. வச்சிரப் பசைக்குத் தெரியாதே."

பாஸ் சாப்பிடப் போன நேரத்தில் காரியதரிசி என்னைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தது நான்.

மறுநாள் துரை சாய்ந்து அமர்ந்ததும் கதிரையின் வலது கை அவர் கையோடு வந்தது. அவர் அதை மிக மரியாதையாகப் பக்கத்திலிருந்த தலைவரிடம் கொடுத்தார்.

கூட்ட அறிக்கையை எழுதியதும் நான்தான். "தச்சரின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு" என்று எழுதினேன். நடை தெளிவாக இருந்ததாகச் சபை பாராட்டியது. சுவாமியாருக்கும் ஒரு பிரதி போனது.

பாஸ் ஒருநாள் சங்கத்துக்கு வந்து, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஐயா. கயித்த அவுத்தது யாருன்னு எழுத மட்டும் எடம் பத்தலையோ?"

நான் மைக்கூட்டை மூடினேன். அவர் போய்விட்டார்.

அந்தக் கதிரையிலிருந்து நான் தட்டியெடுத்த ஆப்புத்துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. கிழிந்த கடதாசி இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. அவருடைய கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது.

பீட வேலை வேறொருவருக்குப் போயிற்று. சவரிமுத்து பாஸ் பட்டறையை மூடிவிட்டுப் பன்விலவுக்குப் போய், சாகும்வரை தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தார்.