யானையும் என் வெல்ல மூட்டையும்

கூடலூரில் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பந்திப்பூர்க் காட்டுச் சாலை வழியாக மைசூருக்கு நடந்துகொண்டிருந்தேன். சுதந்திரம் வந்த மறு வருடம் அது. ஒரு வளைவில் ஒற்றை யானை நின்றது.

அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில், வேட்டைக்குப் போகும் வெள்ளைக்காரர்களுக்குச் சமையல் ஆளாக லிம்போப்போ ஆற்றங்கரைக் காடுகளில் சுற்றியவன் நான். யானை எதிர்ப்பட்டால் அசையாமல் நிற்க வேண்டும் என்று அங்கே தடம் பார்க்கும் ஆட்கள் சொல்வார்கள். நானும் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். யானை போகவில்லை. தும்பிக்கையை நீட்டிக்கொண்டு என்னை நெருங்கியது.

பின்னால் வந்து நின்ற மூங்கில் லாரியிலிருந்து டிரைவர் கத்தினார்: "மூட்டைய வீசிப்போட்டு மெல்லப் பின்னால வாங்க!"

வீசினேன். யானை மூட்டையைக் கிழித்துத் தின்னத் தொடங்கியது. நான் லாரியில் ஏறிக்கொண்டேன்.

டிரைவர் கொள்ளேகாலத்துக்காரர்; அப்போது அது கோயம்புத்தூர் ஜில்லா. "உள்ள என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வெல்லம். வழியில் சாப்பிட."

"ஏனுங்க, விருந்தக் கையில வெச்சுக்கிட்டு அசையாம நின்னா, அது எப்படிங்க போகும்?"

இப்போதெல்லாம் எந்தக் காட்டுக்குள் போகும் முன்பும், அந்த ஊர்க்காரர்களிடம் மூட்டையைப் பிரித்துக் காட்டி, இதைக் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாலை டிரைவர் என்னை மைசூரில் இறக்கிவிட்டார். கையில் ஒன்றும் இல்லாததால் மறுநாள் காலையே வேலை தேடினேன். கிடைத்தது வெல்ல மண்டியில், மூட்டை தூக்கும் வேலை.